தோல் ஏறுது... தந்தி இறங்குது!

டிசம்பர் சீஸனைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதில் ஐந்நூறு பேர் கேன்டீனைப் பற்றி மட்டுமே எழுதுகிறவர்கள்! மார்கழிக் குளிர், ஏ.ஸி. ஹால், பட்டுப்புடவை, தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் ரவா தோசைக்கு ஓடுகிற ரசிகர்... எல்லாம் நமக்கு மனப்பாடம். அதே வித்வான்கள் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்கும் சாமியானாத் துணிக்கும் கீழே, முதுகில் வியர்வை வழிய, பக்கத்துத் தெரு ஆட்டோ ஹாரனோடு போட்டி போட்டுக்கொண்டு பாடுகிற இன்னொரு சீஸன் இருக்கிறது. ராமநவமி சீஸன். அதற்குத் தலைநகரம் சென்னை இல்லை, பெங்களூர்.

யுகாதியிலிருந்து ஒன்பதாம் நாள் ராமநவமி. அதையொட்டி பெங்களூரில் பேட்டைக்குப் பேட்டை பந்தல் முளைத்துவிடும். மல்லேஸ்வரம், ராஜாஜிநகர், ஜெயநகர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ராமர் படம், ஒரு மேடை, நாலு டியூப்லைட், பிளாஸ்டிக் நாற்காலிகள். வாசலில் பானகம், நீர்மோர், வெள்ளரிக்காயும் பயத்தம்பருப்பும் சேர்த்த கோசம்பரி. கச்சேரி பிடிக்காதவர்கூட கோசம்பரிக்காக உட்காருவார். உட்கார்ந்த பாவத்துக்கு ஒரு வர்ணமாவது காதில் விழும். இப்படித்தான் பெங்களூரில் பாதி ரசிகர்கள் உருவானார்கள் என்பது என் சொந்த ஆராய்ச்சி!

இந்தப் பந்தல்களுக்கெல்லாம் பெரியண்ணன் சாமராஜப்பேட்டையில் இருக்கிறது. 1939-ல் எஸ்.வி.நாராயணஸ்வாமி ராவ் என்பவர் மிக இளம் வயதிலேயே ஆரம்பித்த ஸ்ரீராமசேவா மண்டலி. மைதானம், கோட்டை உயர்நிலைப் பள்ளியுடையது. திப்பு சுல்தானின் கோடைக்கால அரண்மனை கூப்பிடு தூரம். 1791-ல் கட்டி முடித்த அந்தத் தேக்கு மர மாளிகையில் திப்பு கோடையைக் குளுகுளுவென்று கழித்தாராம். நம் வித்வான்களுக்குக் கிடைத்ததோ பக்கத்துப் பள்ளிக்கூட மைதானம்! ஏறக்குறைய ஒரு மாதம் தினமும் சாயங்காலம் கச்சேரி. செம்பை, எம்.எஸ்., பாலமுரளி, பீம்சேன் ஜோஷி என்று பாடியவர்கள் பட்டியல் போட்டால் இந்தப் பக்கம் போதாது. கே.ஜே.யேசுதாஸ் பாடிய நாட்களில் பந்தலுக்கு உள்ளே இருந்த கூட்டம் போதாதென்று வெளியேயும் நின்றது.

இதே பெங்களூரில் வயலின் வடிவத்திலேயே கட்டிய சௌடையா நினைவு மண்டபம் இருக்கிறது. 1980-ல் கட்டியது. வில், தந்தி, பிருடை எல்லாம் வைத்து, பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் அந்த சௌடையா யார்? மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமே என்று வயலினில் நாலு தந்தி போதாமல் ஏழு தந்தி கட்டிக்கொண்ட மகானுபாவர்! அவர் பெயரில் ஏ.ஸி. ஹால் கட்டியது நியாயம்தான். எனக்கென்னவோ அவர் ஆத்மா ஏப்ரல் மாதத்தில் ஏதாவது ஒரு பந்தல் ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கும் என்று தோன்றுகிறது.

சரி, இந்தப் பந்தலில் மேடைக்கு மேலே உட்காருகிறவர்கள் பாடு எப்படி? பார்த்துவிடுவோம் என்று ஒரு மிருதங்க வித்வானோடு தொற்றிக்கொண்டேன். கும்பகோணம் பக்கத்துக்காரர். வயசு அறுபத்திரண்டு. அப்பா தவில். சென்னையில் முப்பது வருஷமாகப் பக்கவாத்தியம். “பேரு போட்ராதீங்க தம்பி. நான் ஏதாவது உளறிவைப்பேன். அடுத்த வருஷம் செகரட்டரி என்னைக் கூப்பிட மாட்டார், உங்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார்” என்றார். எனக்குத் தாளமே வராது என்பதால் பெயர் போடாமல் விட்டுவிடுகிறேன்.

காலை பிருந்தாவன் எக்ஸ்பிரஸ். அண்ணனுக்கு ஒரு ஸீட், எனக்கு ஒரு ஸீட். இரண்டு மிருதங்கங்கள் ரெக்ஸின் உறையில். அவற்றை மேலே சாமான் பலகையில் வைக்க மாட்டார். காலடியிலும் வைக்க மாட்டார். ஒன்று அவர் மடியில், இன்னொன்று... வேறு யார் மடியில்? ஜோலார்பேட்டை வரைக்கும் என் கால் மரத்துப்போனதுதான் மிச்சம். பலாமரத்தில் குடைந்தது சார், பஞ்சு மூட்டை இல்லை!

“எதுக்கு அண்ணே ரெண்டு?”

“சின்னது ஹெச்சு. இன்னிக்குப் பாடற பாப்பாவுக்கு 5 கட்டை. பெரிசு தக்கு. நாளைக்கு மைசூர்ல ஒரு வித்வான், 2 கட்டை. பொம்பளைங்களுக்கு ஒண்ணு, ஆம்பளைங்களுக்கு ஒண்ணு. முன்னெல்லாம் மூணு எடுத்துக்கிட்டு வருவேன்.”

மூணாவது என்ன ஆச்சு என்று நான் அப்போது கேட்கவில்லை.

பெங்களூரில் இறங்கி, தங்கும் இடத்துக்குப் போய், முகம்கூடக் கழுவாமல் உறையைப் பிரித்தார். சின்ன மிருதங்கத்தின் வலந்தலையில் ஒரு மீட்டு. செல்போனில் சுருதி. இரண்டும் சேரவில்லை. எனக்கே தெரிந்தது என்றால் பாருங்களேன்!

“நேத்து ராத்திரி மெட்ராஸ்ல கும்முனு சேர்த்து வெச்சேன். இங்க வந்ததும் கால் கட்டை ஏறிப்போச்சு பாருங்க. அங்க காத்துல தண்ணி, இங்க காத்துல நெருப்பு. தோல் காய்ஞ்சா இறுகும், இறுகினா ஏறும். ஈரம் பட்டா தளரும், தளர்ந்தா இறங்கும். இது ஒரு பக்கம். வயலின்காரரைக் கேளுங்க, அவர் கதை நேர் உல்டா!”

வயலின்காரர் பக்கத்து அறையில்தான் பனியனோடு விசிறிக்கொண்டிருந்தார். உல்டாதான். கம்பித் தந்தி சூட்டில் நீளும், நீண்டால் தொய்யும், தொய்ந்தால் சுருதி இறங்கும். ஆக, மேடையில் வெயிலும் விளக்குமாகச் சேர்ந்து அடிக்கும்போது இடது பக்கம் தந்தி இறங்குகிறது, வலது பக்கம் தோல் ஏறுகிறது. நடுவில் பாடுகிறவர் யார் பக்கம் சாய்வது? கூட்டணி ஆட்சி மாதிரிதான்!

புல்லாங்குழல் தனி ரகம். காற்று சூடானால் அதன் சுருதி மேலே போகும். வாய்க்கோணத்தை மாற்றி ஊதியே சரிக்கட்ட வேண்டும். வீணைக்காரர்கள் பாடு இன்னும் மோசம். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில்தான் பதித்திருக்கின்றன. மெழுகுக்கும் வெயிலுக்கும் என்ன உறவு என்று உங்களுக்குத் தெரியும். மத்தியான வெயிலில் காருக்குள் வீணையை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது காந்தாரம் மத்யமத்தைப் பார்க்க நகர்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. தம்பூராவையாவது மின்சாரப் பெட்டியாக்கிக் காப்பாற்றிவிட்டார்கள். 1979-ல் அதைச் செய்தவர் ஜி.ராஜ்நாராயண் என்கிற எஞ்சினீயர், அதுவும் இதே பெங்களூரில்! இப்போது அந்தப் பெட்டியும் செல்போனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இத்தனை பேரிலும் கவலையே இல்லாத ஒரே ஆத்மா கட வித்வான். சுட்ட மண் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. சாயங்காலம் மேடையில் எல்லாரும் முறுக்கிக்கொண்டும் தட்டிக்கொண்டும் இருக்க, அவர் பாட்டுக்கு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

பந்தல் ஒரு பேட்டையின் குறுக்குத் தெருவில். தெருவையே அடைத்துப் போட்டிருந்தார்கள். வாசலில் ஒருவர் “பன்னி... பன்னி...” என்று கைகூப்பி வரவேற்றார். கன்னடத்தில் ‘வாருங்கள்’. இத்தனை வருஷம் போய்வந்தும் அந்த வார்த்தையைக் கேட்டதும் என் தமிழ் மனசு ஒரு விநாடி கோபப்படத்தான் செய்கிறது!

பாடகிக்கு இருபத்திரண்டு வயசிருக்கும். ஹாலில் பாடியிருக்கிறாளாம், பந்தலில் இதுதான் முதல் தடவை. முகத்தில் பயம் எழுதி ஒட்டியிருந்தது. “சார், ஆட்டோ சத்தம் இவ்வளவு கேக்குதே, ஆலாபனை எப்படி பண்றது?” என்று அண்ணனைக் கேட்டாள்.

“பாப்பா, எங்கப்பா ஆயுசு பூரா வெட்டவெளியிலதான் வாசிச்சார். சாமி புறப்பாட்டுல முன்னாடி யானை, பின்னாடி தேர், ரெண்டு பக்கமும் பலூன்காரன். தவிலுக்கும் நாயனத்துக்கும் எவன் ஹால் கட்டிக் கொடுத்தான்? சங்கீதம் வெளியிலதான் இருந்துச்சு. நாமதான் உள்ள இழுத்துட்டுப் போய் கதவைச் சாத்திட்டோம். நீ பாடு. ஆட்டோ தானா போயிரும்.”

எனக்கு இந்த வாதத்தில் பாதி சம்மதம். நாயனம் வெட்டவெளிக்கென்றே பிறந்த வாத்தியம். அதன் குரலுக்கு நாலு தெரு தாங்கும். மனுஷக் குரல் அப்படியா? மைக் வந்த பிறகுதான் மெல்லிய சாரீரக்காரர்களும் மேடை ஏற முடிந்தது. அண்ணனிடம் சொன்னேன். “வாஸ்தவம்தான்” என்று சொல்லிவிட்டுக் கல்லையும் கட்டையையும் எடுத்து விளிம்பில் தட்ட ஆரம்பித்துவிட்டார். மேலிருந்து கீழே தட்டினால் ஏறும், கீழிருந்து மேலே தட்டினால் இறங்கும். அன்றைக்குக் கீழிருந்து மேலே தட்டல்தான்.

ஆறரைக்குக் கச்சேரி ஆரம்பம். வர்ணம் ஒரு வேகத்தில் போனது. இரண்டாவது உருப்படியில் ஒரு பால்காரர் பைக்கை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே ஒரு கீர்த்தனை முழுவதும் கேட்டுவிட்டுப் போனார். முதல் வரிசையில் ஒரு குழந்தை பானக டம்ளரால் தாளம் போட்டது. அதுவும் தப்பில்லாமல்!

இங்கே பெங்களூர் ஏப்ரலைப் பற்றி ஒரு வார்த்தை. ‘ஏ.ஸி. ஊர்’ என்று நாம் பொறாமைப்பட்ட காலம் உண்டு. 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி அடித்த ஊர் அது. அன்றைக்குப் பகலும் அனல்தான். அப்படிக் காய்ந்தால் சாயங்காலம் திடீரென்று வானம் கறுத்துக் கொட்டும். மாங்காய் பழுக்கிற காலத்து மழை என்பதால் மாம்பழ மழை என்றே பெயர். பெயர் என்னவோ இனிப்பாகத்தான் இருக்கிறது. மேடையில் மிருதங்கத்தோடு உட்கார்ந்திருப்பவருக்கு அது இனிக்குமா?

கல்யாணி ஆலாபனை மேல் ஸ்தாயியைத் தொடும்போது முதல் காற்று வந்தது. சாமியானா படபடவென்று அடித்துக்கொண்டது. அடுத்தது ஈசல். டியூப்லைட்டைச் சுற்றி நூறு, இருநூறு... பாடகி வாயைத் திறப்பதா மூடுவதா என்று தவித்தாள். நீண்ட கார்வை ஒன்றைப் பாதியில் விழுங்கினாள். கூடவே என்னத்தை விழுங்கினாளோ, ராமருக்குத்தான் வெளிச்சம்! அப்புறம் தகரத்தின் மேல் மழை. ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் கைதட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அதுவும் போதாதென்று பட்டென்று கரண்ட் போயிற்று.

இருட்டு. மைக் இல்லை. தெருவில் நின்றவர்கள் எல்லாம் பந்தலுக்குள் ஓடி வந்தார்கள். செகரட்டரி வயலின்காரர் தலைக்கு மேல் குடை பிடித்தபடி “மளே நில்லுத்தே... ஐது நிமிஷ...” என்றார். மழை நின்றுவிடும், ஐந்து நிமிஷம். ஐந்து நிமிஷம் இருபது நிமிஷம் ஆனது. யாரோ பெட்ரோமாக்ஸ் தேடினார்கள். கடைசியில் நாலு செல்போன் விளக்குகள்தான் கிடைத்தன.

நான் அண்ணனைப் பார்த்தேன். இருட்டில் ஒரு காதை வலந்தலைக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்த தோல், இப்போது சாரல் பட்டு அரைக் கட்டைக்கு மேல் இறங்கிப்போயிருந்தது. இந்தத் தடவை மேலிருந்து கீழே தட்டினார். ஏறியது. இரண்டு நிமிஷத்தில் மறுபடி இறங்கியது. சமையல் பக்கமிருந்து ஒரு பையன் நல்லெண்ணத்தோடு கரி அடுப்பைத் தூக்கி வந்தான்.

“வேண்டாம்ப்பா. பறைக்குக் காட்டலாம். இதுக்குக் காட்டினா சோறு உதிர்ந்துரும்.” சோறு என்றால் நடுவில் இருக்கிற அந்தக் கறுப்பு வட்டம். கிட்டக்கல் பொடியையும் சாதத்தையும் சேர்த்துப் படிப்படியாகத் தேய்த்து ஏற்றுவது. அதில்தான் மிருதங்கத்தின் உயிரே இருக்கிறது.

இன்னொரு ஹெச்சு மிருதங்கம் இருந்தால் அந்த நிமிஷமே மாற்றியிருக்கலாம். மூன்றாவது எங்கே என்பது அப்போதுதான் வந்தது.

“2020-ல ராமநவமி ஏப்ரல் 2. மார்ச் 25-ல ஊரையே பூட்டிட்டாங்க. எனக்கு அந்த சீஸன்ல பதினோரு கச்சேரி இருந்துச்சு தம்பி. பெங்களூர், மைசூர் எல்லாம் சேர்த்து. ஒண்ணும் நடக்கல. அடுத்த வருஷமும் ரெண்டாவது அலை. டிசம்பர் சீஸன்ல எனக்கு என்ன கிடைச்சுரும்? மெட்ராஸ்ல வாசிச்சா பேரு, வெளியூர்ல வாசிச்சாதான் சோறு. போன்ல பாடம் எடுத்தேன். அதுல தொப்பி சத்தமே கேக்காது. பையன் தப்பா வாசிக்கறானா சரியா வாசிக்கறானான்னு அவன் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். கடைசில புதுசா பண்ணின ஹெச்சு மிருதங்கத்தை ஒருத்தருக்குக் கொடுத்துட்டேன். நல்ல வாத்தியம். மூட்டு மாத்தி மூணு மாசம்தான் ஆயிருந்துச்சு.”

இதைச் சொல்லும்போது குரலில் ஒரு மாற்றமும் இல்லை. கை மட்டும் பெரிய மிருதங்கத்தின் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தது.

“அண்ணே, அது 2 கட்டை இல்லே? பாப்பா 5 கட்டையாச்சே!”

“5 கட்டைக்குப் பஞ்சமம் எது? எண்ணிப் பாருங்க.”

எண்ணினேன். ஹார்மோனியம் தெரிந்தவர்கள் நீங்களும் எண்ணலாம். 5 கட்டையை ஸட்ஜமமாக வைத்துக்கொண்டு ‘ஸ ரி க ம ப’ என்று ஏறினால், பஞ்சமம் சரியாக 2 கட்டையில் வந்து உட்காருகிறது! தம்பூராவே ஸ-ப என்றுதானே பாடிக்கொண்டிருக்கிறது? மிருதங்கம் ஸட்ஜமத்தில் பேசாமல் பஞ்சமத்தில் பேசப்போகிறது, அவ்வளவுதான். ரெக்ஸின் உறைக்குள் இருந்ததால் இது நனையவும் இல்லை. ஒரு மீட்டு. செல்போன் சுருதியோடு ஜம்மென்று ஒட்டியது. கட வித்வான் முதல் தடவையாக வெற்றிலையை ஒதுக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பாப்பா, ஆரம்பி.”

“மைக் இல்லையே சார்...”

“சௌடையா காலத்துல ஏது மைக்? ஆரம்பி.”

மழை தூறலாகியிருந்தது. அறுபது, எழுபது பேர் மிஞ்சியிருப்பார்கள். அவர்களே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். சிலர் மேடை விளிம்பிலேயே உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் விட்ட இடத்திலிருந்து கல்யாணியை எடுத்தாள். முதலில் மழையை ஜெயிக்கப் பார்த்துக் கத்தினாள். அப்புறம் அது முடியாது என்று தெரிந்ததும் குரலைத் தழைத்தாள். தழைத்தபோதுதான் கேட்க ஆரம்பித்தது. ஹாலில் ஐந்நூறு பேருக்கு ஸ்பீக்கர் வழியாகக் கேட்டதை இங்கே ஐந்தடி தூரத்தில் கேட்டோம். மூச்சு வாங்குவதுகூடக் காதில் விழுந்தது.

அண்ணன் வாசித்ததைப் பற்றி நான் எழுதினால் வித்வான்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனாலும் எழுதுகிறேன். தக்கு மிருதங்கத்துக்கு என்று ஒரு கனம் உண்டு. அதைத் தூக்கி அந்தச் சின்னப் பெண் குரல் மேல் வைத்தால் அமுங்கிப்போகும். மனிதர் பாதி இடங்களில் வாசிக்கவே இல்லை. விரலை எடுத்துவிட்டார். ஒரு சாப்பு, நீண்ட மௌனம், தொப்பியில் ஒரு உருட்டல், மறுபடி மௌனம். அந்த மௌனத்தில் தூறல் சத்தம் போய் உட்கார்ந்துகொண்டது. தனி ஆவர்த்தனம் பத்து நிமிஷம். கடமும் மிருதங்கமும் பேசிக்கொண்டபோது ஒருவரும் எழுந்து போகவில்லை. மழையில் எங்கே போவது என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது! ஆனால் தூறல் சுத்தமாக நின்ற பிறகும் யாரும் எழவில்லையே?

தனி முடிகிற சமயம் கரண்ட் வந்தது. டியூப்லைட் கண்ணைக் கூச, ஸ்பீக்கர் ‘கீ...’ என்று ஒரு கத்துக் கத்தியது. முன்வரிசைத் தாத்தா ஒருவர் கையை உயர்த்தி, “மைக் பேடா!” என்றார். பேடா என்றால் கன்னடத்தில் ‘வேண்டாம்’. மைக்செட் பையன் செகரட்டரியைப் பார்த்தான். செகரட்டரி பாடகியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். மைக் அணைந்தது. மங்களம் வரைக்கும் அப்படியே போயிற்று.

முடிந்ததும் கவர் வந்தது. பேசியபடியே இருந்தது. மழையால் பாதிக் கச்சேரி போய்விட்டது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. “எல்லா ஊர்லயும் இப்படி இருக்காது தம்பி. ஒரு ஊர்ல மழை வந்து முக்கால் மணி நேரத்தோட நிறுத்தினாங்க. பாடறவருக்கு முழுசா கொடுத்தாங்க. எங்களுக்குப் பாதி. மழை எங்களுக்கு மட்டும் பெஞ்சுதா?” என்றார் அண்ணன். பிறகு இலையில் விழுந்த பிஸிபேளாபாத்தைப் பார்த்ததும் அந்த ஊரை மன்னித்துவிட்டார்.

பாடகி வந்து நமஸ்காரம் பண்ணினாள். “சார், அடுத்த தடவையும் நீங்க 2 கட்டையே கொண்டு வாங்க. பஞ்சமத்துல கேட்டது எனக்கு நல்லா இருந்தது.”

“நல்லா இருந்துச்சா? சரி. ஆனா செகரட்டரிகிட்ட சொல்லிராதே. ஒரே மிருதங்கம் போதும்னு சம்பாவனையைக் குறைச்சுருவார்!”

மறுநாள் காலை மைசூர் ரயில். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அங்கே அண்ணன் உட்காரவில்லை. உறையைக் கழற்றி, நனைந்த சின்ன மிருதங்கத்தை அங்கே நிமிர்த்தி வைத்தார், வலந்தலை காற்றைப் பார்க்கும்படி. எங்கள் இரண்டு பேருக்கும் மிச்ச இடத்தில் ஒண்டல். ஒரு ஸ்டேஷனில் பூக்கூடையோடு ஒரு அம்மாள் ஏறி, மிருதங்கத்தை ஒரு பார்வை, எங்களை ஒரு பார்வை பார்த்தாள். இது யார் இடம் என்று கன்னடத்தில் கேட்டாள்.

அண்ணன் ஒன்றும் பேசாமல் மிருதங்கத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டார். பெரிய மிருதங்கம் ஏற்கெனவே என் மடியில்.

ராமநகரம் தாண்டும்போது விரலால் ஒரு மீட்டு மீட்டிப் பார்த்தார்.

“ஏறுது” என்றார்.